டெக்லா வீட்டில் இருக்கிறாரா?

1974 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. கனடாவின் யார்க்டன் ஊருக்கு வடக்கே, கோவால்சுக் பண்ணையில் பாதிக் கோதுமை அறுத்துப் போட்டபடி வரிசை வரிசையாக வயலில் கிடந்தது.

மதியச் சாப்பாட்டின்போது வானொலி நாடு முழுவதற்குமான இரண்டு நாள் வானிலையைச் சொல்லியது. பசிபிக் கரையில் மழை. நியூஃபவுண்ட்லாந்தில் பலத்த காற்று. நடுவே கிடக்கும் சமவெளி முழுவதற்கும் ஒரே வரி: பெரும்பாலும் வெயில்.

"கேட்டியா? வெயிலாம்," என்றான் மெட்ரோ, ரொட்டியைப் பிய்த்தபடி. "கதிர் இன்னும் ஈரமா இருக்கு. ரெண்டு நாள் காயட்டும்."

"ஓரெஸ்ட் கூப்பிடட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றாள் அவன் மனைவி ஸ்டெஃபானியா.

"உங்கண்ணனா? அவன்தான் ஏப்ரல்லேர்ந்து வாயத் தெறக்கலியே."

அவளுக்குத் தெரியாததில்லை. அப்பா அம்மா இருந்த வீட்டை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றிருந்தான் ஓரெஸ்ட். அதற்கு முன்பு ஓர் அறுவடைக்குக்கூட அவன் கூப்பிடத் தவறியதில்லை. ஆல்பர்ட்டாவில் அவன் வயலுக்கு இன்று வரும் வானிலை மறுநாள் இவர்கள் வயலுக்கு வரும். வெளியூருக்குப் பேசினால் காசு. இணைப்புக் கொடுக்கும் பெண்ணிடம் குறிப்பிட்ட ஆளைக் கேட்டு, அந்த ஆள் இல்லையென்றால் காசில்லை. அதனால் இறந்துபோன பெற்றோரைக் கேட்பான். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடும் அப்பாவின் பெயர் வந்தால், காயவிடலாம். எல்லோரையும் விரட்டி வேலை வாங்கிய அம்மாவின் பெயர் வந்தால், பனி வருகிறது. அந்தக் காலத்தில் சமவெளியில் பல வீடுகளில் இப்படியொரு ஏற்பாடு இருந்தது; தொலைபேசிக்காரப் பெண்களுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார்கள்.

மெட்ரோ இரண்டாவது கோப்பைத் தேநீருக்குக் கை நீட்டியபோது மணி அடித்தது.

"ஆல்பர்ட்டாவிலிருந்து அழைப்பு," என்றாள் தொலைபேசிக்காரப் பெண். "திருமதி டெக்லா ரோமன்யுக் வீட்டில் இருக்கிறாரா?"

அம்மா போன இந்த ஆறு வருடத்தில் அந்தப் பெயரை வேறு யாரும் இப்படிக் கேட்கவில்லை, அம்மா பின்கட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பதுபோல, கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள்போல. இல்லை என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"இருக்காங்க," என்றாள் ஸ்டெஃபானியா. "நான்தான் டெக்லா. குடுங்க."

மெட்ரோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"அடி பைத்தியமே!" மறுமுனையில் ஓரெஸ்ட் கத்தினான். "என் காசு ஓடுது!"

"ஓடட்டும். வீட்ட வித்தியே, இல்ல?"

ஓரெஸ்டின் குரல் இறங்கியது.

"கேட்டா நீ அழுவியோன்னு பயந்தேன், ஸ்டெஃப்கா."

"இப்பவும்தான் அழறேன். பனி எவ்வளவு?"

"கணுக்காலுக்கு மேல. இன்னும் கொட்டுது. வானொலிக்காரன் எந்த ஊர்ல உக்காந்து பேசறானோ! ஈரமா இருந்தாலும் எடுத்துடுங்க, அப்புறம் காயவெச்சுக்கலாம். மெட்ரோ என்ன பண்றான்?"

"தேநீர் குடிக்கறான்."

"எழுப்பி வெளிய தள்ளு!"

"அம்மா மாதிரியே கத்தறே," என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மெட்ரோ அதற்குள் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான். அன்றும் மறுநாளும் அறுவடை இயந்திரம் ஓடியது.

புதன் மாலை பனி விழத் தொடங்கியது. கிழக்கு ஓரத்தில் நான்கு வரிசைகள் அதன் அடியில் போயின. மற்றதெல்லாம் களஞ்சியத்தில் இருந்தது.