இல்லாததை எண்ணும் மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த இடத்தில், பஜ்ஜித் தட்டில் கை வைப்பதற்கு முன்பே மாதப்பன் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டான்.

"பெங்களூர்ல என்ன வேலைங்க தம்பி?" என்று பெண்ணின் அப்பா திம்மப்பன் கேட்டதற்கு, "கருந்துளை பத்தி ஆராய்ச்சிங்க" என்றான்.

"அது எங்க இருக்குது?"

"தெரியாதுங்க."

"யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"நான் சொல்ற வகைய யாரும் பாத்ததில்லீங்க."

திம்மப்பன் மனைவியைப் பார்த்தார். ஜவளகிரியிலிருந்து பஸ் மாறி வந்தவனுக்கு அப்பளமாவது பொரித்துக் கொடுத்து அனுப்பிவிடலாம், சம்பந்தமெல்லாம் வேண்டாம் என்கிற பார்வை அது.

கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற ஜோதி காதைத் தீட்டிக்கொண்டாள். இவனும் போனால் மத்தூர் புளி வியாபாரி மகன்தான். இன்று சாயங்காலத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்வதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மகராசன் போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கிட்ட ஒரு கொறையும் கெடையாதுங்க" என்று மூன்று தரம் சொன்னான். சட்டைப் பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணுக்கு வேலை எதுக்கு?" என்று வேறு கேட்டான். கடிகார ஃபேக்டரியில் நாலு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவள் ஜோதி. ஒரு குறையும் இல்லை என்று எழுதி வருகிற சரக்கு லாட்டைத்தான் அவள் முதலில் பிரிப்பாள்.

கூடத்தில் மாதப்பன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். விவரங்கெட்டவன், பஜ்ஜியைக்கூட இன்னும் தொடவில்லை.

"பிரபஞ்சம் பொறந்த புதுசுல நட்சத்திரம் ஒண்ணும் இல்லீங்க. கொதிக்கிற களி மாதிரி எல்லா எடத்துலயும் ஒரே சூடு, ஏறக்குறைய ஒரே கெட்டி. அங்கங்க துளி கூடக்கொறய இருந்திருக்கும். துளிதான்னா அந்தச் சூடே தள்ளிப் பரத்திடும். ஆனா எங்கயாச்சும் சுத்தி இருக்கறத விட மூணுல ஒரு பங்குக்கு மேல கெட்டியா இருந்திருந்தா, பரத்த முடியாது. தன் கனத்துலயே அமுங்கி அப்பவே கருந்துளை ஆயிடும். சிலது ஒரு மலை கனம் இருக்கும், ஆனா அணுவுக்குள்ள அடங்கிடும்."

"ஆயிருக்குதா?"

"மலை கனத்துல ஆயிருந்தா, இத்தன கோடி வருஷம் தேஞ்சு தேஞ்சு இப்ப பளீர்னு வெடிக்கணும். செயற்கைக்கோள் விட்டு அந்த வெளிச்சத்தத் தேடிட்டாங்க. ஒண்ணுகூட மாட்டல."

"அடக் கடவுளே" என்றார் திம்மப்பன். "அப்ப இத்தன நாளா இல்லாதத எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

ஜோதிக்குப் பொறுக்கவில்லை. தட்டோடு வெளியே வந்துவிட்டாள்.

"எத்தன நாளு, எவ்வளவு வானம் தேடினாங்க?"

அம்மா பின்னாலிருந்து நறுக்கென்று கிள்ளினாள். மாதப்பன் வாயைப் பிளந்தான். இதுவரை பெண் பார்த்த எந்த வீட்டிலும் அவனை யாரும் இதைக் கேட்டதில்லை. எத்தனை நாள், எவ்வளவு வானம் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

"அப்ப ஒண்ணுமே இல்லேன்னு சொல்ல முடியாதே" என்றாள் ஜோதி. "எரநூறு பல்சக்கரம் எடுத்துப் பாத்து ஒண்ணும் பழுது இல்லேன்னா, அஞ்சாயிரத்துலயும் பழுது இல்லேன்னு நான் எழுத மாட்டேன். இத்தனைக்கு மேல இருக்காதுன்னுதான் எழுதுவேன்."

மாதப்பன் எழுந்தே நின்றுவிட்டான். "அதுதாங்க என் ஆராய்ச்சியே! துளைங்க இத்தனைக்கு மேல இல்லேன்னா, ஆரம்பத்துல அந்தக் கெட்டி வித்தியாசமும் இவ்வளவுக்கு மேல இருந்திருக்க முடியாது."

"அதாவது, பழுது கொறச்சல்னா மெஷின் நடுங்காம ஓடியிருக்குது."

"ஆமாங்க! ஆமாங்க!"

"என்ன ஆமாங்க, ஆமாங்க?" திம்மப்பன் சீறினார். "உள்ள போ புள்ள. கைக்கு ஒண்ணும் கெடைக்காத வேலைக்கு ஒரு படிப்பாம்."

"நான் பாக்கறது மட்டும் என்னப்பா?" ஜோதி காப்பித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். "நாள் முச்சூடும் பழுதத் தேடறேன். ஒண்ணும் கெடைக்கலேன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் லாரி ஃபேக்டரி கேட்டத் தாண்டுது. அத நீங்கதான ஊரெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டுக்கறீங்க?"

உண்மைதான். டீக்கடையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார். திம்மப்பன் மீசையைத் தடவினார், காப்பியை எடுத்தார், வைத்தார். பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் வழக்கமாகக் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கடுகடுவென்று கேட்டார்.

"சரி தம்பி. கெட்ட பழக்கம் ஏதாச்சும்?"

மாதப்பன் நெற்றியைச் சுருக்கி, விரல்விட்டு எண்ணி, நிஜமாகவே யோசித்தான்.

"நான் தேடிப் பாத்த வரைக்கும், ரெண்டுக்கு மேல இருக்காதுங்க."

திம்மப்பனுக்குக் காப்பி புரையேறியது. ஜோதி அவர் தலையில் தட்டிக்கொண்டே, "அப்பா, மத்தூருக்கு ஆகாதுன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றாள்.