மார்பு நாற்பத்திரண்டு

என் மனைவியின் அண்ணன் பத்து நிமிடம் சோபாவில் உட்கார்ந்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நல்லாத்தானே இருக்கா மாப்ள? நீங்கதான் பெருசு பண்றீங்க."

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் நேற்று அவள் சிறுநீர் கழித்திருந்தாள். துடைத்தவன் நான். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. மூளை தேய்கிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம். விருந்தாளி வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்துவிடும். சிரிப்பாள், நலம் விசாரிப்பாள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து யார் நீ என்று கத்துவாள். போன வாரம் நான் கிடங்கில் இரவுக் காவலுக்குப் போயிருந்தபோது கேஸைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமையும் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இரவுக்கு மட்டும் இவர் தன் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். அதைக் கேட்கத்தான் வரவழைத்தேன்.

"தெனம் நாலு பாதாம் குடுங்க" என்றார். ஆலோசனைக்கு இந்தக் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

இருபது வருடம் தையல் கடை நடத்தியவள், திடீரென்று அளவு டேப்போடு அவர் முன்னால் வந்து நின்றாள். "எந்திரிங்க. கையத் தூக்குங்க."

தோள், கை, மார்பு. விரல் தடுமாறவில்லை. "மார்பு நாப்பத்திரெண்டு. வயித்துக்கு ஒரு இஞ்ச் லூஸ் விடணும்."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இவளுக்கா மறதி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மீதும்தான். தன் ஜாக்கெட் கொக்கியை மாட்டத் தெரியாதவள் இவருக்கு வித்தை காட்டுகிறாள்.

அவள் நோட்டைத் திறந்தாள். "பேரு சொல்லுங்க சார்."

"குசும்பப் பாரு!" கடகடவென்று சிரித்தார். "அண்ணன்னு எழுதிக்கம்மா."

எழுதினாள். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கார் சார். பக்கத்துத் தெருதான். எட்டிக்கூடப் பாக்கமாட்டார். பொண்டாட்டிக்குப் பயம்."

சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பாற்றப் போகவில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து ராத்திரிக்கு மட்டும் வச்சுக்குங்க மச்சான்."

"அதுக்கென்ன மாப்ள... வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

வாசலைப் பார்த்து நகர்ந்தவரை அவள் மறித்தாள். "கழுத்து எடுக்கல சார். நிமிந்து நில்லுங்க."

அவர் கூரையைப் பார்த்து நின்றார். டேப்பைக் கழுத்தில் சுற்றி இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்தாள். அவர் எச்சில் விழுங்கினார். டேப் ஏறி இறங்கியது. அவள் அதில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.