தோற்றவர் தடம்

ஹெரன் ஏரிப் பந்தயத்தில் ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது. நடைதான் உண்டு. உறைந்த ஏரியின் மேல் எஞ்சின் வைத்த இரண்டு பனிவண்டிகள் அறுநூறு அடி பறக்கும். தோற்றவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஹாயாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஜெயித்தவர் மட்டும் தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தோற்றவரின் தடத்தில் நடந்தே திரும்ப வேண்டும். வந்து, எல்லோர் முன்னாலும் தோற்றவரின் ஓட்டத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது பொய்யாக இருக்கக் கூடாது. அறுநூறு அடி நடந்தால் தலைக்கனம் இறங்கிவிடும் என்று எந்தப் புண்ணியவானோ ஏற்படுத்தி வைத்த வழக்கம். பதினோரு வருடமாக நடந்தும் ஆரின் ஸ்கால்ஸ்டாடுக்கு மட்டும் அது இறங்கவில்லை.

இறங்கியது அவருடைய வலது முட்டிதான். முப்பத்தைந்து வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டிய கால். உள்ளே எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்று முட்டி வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிவிட்டது. முதலில் மான் வேட்டை முடியட்டும் என்றார் ஆரின். பிறகு விறகு அடுக்கி முடியட்டும் என்றார். பிறகு ஏரி உறைந்தது, மீன் பிடிக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் மனைவி மார்லிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஜனவரியில் ஒரு நாள் இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மார்ச் பதினொன்றாம் தேதிக்கு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி, காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டாள்.

ஆரின் அந்த வட்டத்தை ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். எட்டாம் நாள் ஆட்டைத் தூக்கி மாட்டில் போடுகிற யோசனை ஒன்று வந்தது.

"ஏரியில வெச்சுக்குவோம். நீ ஜெயிச்சா பதினொண்ணாம் தேதி வாயத் தொறக்காம வரேன். நான் ஜெயிச்சா, இனிமே என் முட்டியப் பத்தி நீ பேசவே கூடாது."

"என்னிக்குமேவா?"

"என்னிக்குமே."

மார்லிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஆனா தோத்தப்புறம் குளிர் அதிகம், காத்து அதிகம்னு சாக்கு சொல்லக் கூடாது."

உண்மை என்னவென்றால் ஆரினுக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை, வலியைக் கண்டும் பயமில்லை. மயக்க மருந்துதான் பயம். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஒரு ஊசியைப் போட்டு, விளக்கை அணைப்பது போலத் தன்னை அணைத்துவிட்டு, பிறகு மறக்காமல் திரும்ப ஏற்றுவார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. புயலில் நெடுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாமல் போன இரவுகளில்கூட ஸ்டீயரிங்கை விடாத மனிதர். இதைப் போய் யாரிடம் சொல்வது? அறுபத்து நாலு வயதில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அவர் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. அதற்கு ஒரே இடைஞ்சல் அவருடைய வாய். பனிக்கட்டியில் வண்டிக்குப் பிடிப்பு ஏற்படுத்துவதில் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே ஆரினை மிஞ்ச ஆள் கிடையாது. பிடிப்பைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் பொய் சொல்லவும் அவருக்கு வராது, சும்மா இருக்கவும் வராது. மார்லிஸுக்கு அது தெரியாதா? பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தன் வண்டிக்கு அடியில் சுழன்று அதை ஓட்டும் ரப்பர் பட்டையைக் கழற்றித் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு டப்பா ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவியாகக் கேட்டாள்.

"இருநூறு ஆணி அடிக்கட்டுமா ஆரின்?"

"இருநூறா? பைத்தியமா உனக்கு? அத்தன ஆணி அடிச்சா எதுவுமே குத்தாது, எல்லாம் ஐஸ் மேலயே நின்னுக்கும். நூத்தி இருபது போதும்."

"ஓ. வரிசையாத்தானே?"

"ஐயோ, வரிசையா அடிக்காத! முன்னாடி போற ஆணி கீறின பள்ளத்துலயே பின்னாடி வர்றதும் விழும், சும்மா வழுக்கும். ஒவ்வொண்ணும் புது எடத்துல குத்தணும். தள்ளித் தள்ளி அடி." அதோடு விட்டாரா? "முன்பக்கத்து வார இன்னும் ஒரு துளை இறுக்கு. இல்லேன்னா மூக்கு தூக்கும். மூக்கு தூக்கிச்சுன்னா வண்டி வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும், முன்னாடி போகாது."

மார்லிஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டாள். படுக்கப் போகும்போதுதான் ஆரினுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. எதிரிக்குத் தன் கையாலேயே கத்தி தீட்டிக் கொடுத்திருந்தார்.

பந்தயத்தன்று நல்ல வெயில், கண் கூசுகிற வெள்ளை, காது அறுந்து விழுகிற குளிர். ஐஸின் மேல் இரண்டு விரற்கடைக்குப் பொடிப்பனி. ஊரே ஏரியில் இருந்தது. தூண்டில் கடை நடத்தும் டுவேன் கிவெலா புறப்படும் கோட்டில் கொடியோடு நின்றான். அவன் தங்கை ஜோலீன், காலையெல்லாம் மான்கறிக் குழம்பைக் கிளறிவிட்டு, முடிவுக் கோட்டுக்குத் தன் வண்டியில் போய் இன்னொரு கொடியோடு நின்றுகொண்டாள். பந்தயத்தின் நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரில் அது எப்படித் தெரியாமல் போகும்?

"ஆரின், ஆஸ்பத்திரிக்கு உனக்கு என்ன கலர் செருப்பு வாங்கட்டும்?" என்று கத்தினான் டுவேன்.

"நீ ஒழுங்கா கொடிய ஆட்டு. போன வருஷம் தும்மினதுல ரெண்டு பேர் கிளம்பிட்டாங்க."

"அவருக்கு இப்பவே ஒரு கைத்தடி குடுங்கப்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "திரும்பி நடக்கணுமே!"

வழக்கப்படி கணவனும் மனைவியும் கை குலுக்கினார்கள். ஆரின் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார், மார்லிஸும் கழற்றினாள். அவள் கை சூடாக இருந்தது. அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினாள்.

கொடி விழுந்தது. ஆரின் வலது கட்டைவிரலால் விசையை அடிவரை அழுத்தினார். வண்டி ஒரு கணம் பொடிப்பனியைத் துப்பிவிட்டு, பிறகு ஐஸைக் கவ்விப் பாய்ந்தது. நல்ல புறப்பாடு. இதைவிட நன்றாக அவருக்கே வராது. ஆனால் இடது பக்கம் மார்லிஸின் சிவப்பு வண்டி அதற்குள் ஒரு வண்டி நீளம் முன்னால் இருந்தது. அவள் பட்டை வாரி இறைத்த பனி அவர் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பாதி தூரம் ஆயிற்று, இடைவெளி குறையவில்லை. முந்நூற்றைம்பது அடி, நானூறு அடி. ஆரினுக்கு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூரை விளக்கும், அதற்குக் குறுக்கே முகமூடி போட்ட ஒரு தலையும்தான் தெரிந்தன. அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கே புரியவில்லை. சிவப்பு வண்டி பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. ஜோலீனின் கொடியை அவர் இரண்டு முழம் முன்னால் தாண்டினார்.

ஜெயித்துவிட்டார்! தலைக்கவசத்துக்குள் சின்னப் பையனைப் போலக் கூவினார். இனி வாழ்நாள் முழுக்க முட்டிப் பேச்சு கிடையாது. மார்லிஸ் வட்டமடித்துத் திரும்பி, அவரைப் பார்த்து ஒரு கை தூக்கிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குப் போய்விட்டாள்.

ஆரின் வண்டியிலிருந்து இறங்கினார். வலது கால் தரையில் பட்டதும் முட்டிக்குள் ஆணி இறங்கிய மாதிரி இருந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பின்னாடி ஏறிக்கோ ஆரின்," என்றாள் ஜோலீன் மெதுவாக. "கோட்டுக்கு முன்னாடியே எறக்கி விட்டுடறேன். நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"அத்தன பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? போ, போய் உன் குழம்பப் பாரு. கடைசியா வந்தவங்களுக்குப் போன வருஷம் பீன்ஸ்தான் மிஞ்சுச்சு."

மார்லிஸின் தடத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். நிற்கும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் கீழே பார்த்தார். தடத்தைப் படிப்பது அவருக்குச் செய்தித்தாள் படிப்பது மாதிரி. பட்டை வேகமாகச் சுழன்று தள்ளினால் ஒவ்வொரு ஆணியும் ஐஸில் ஒரு கீறல் போடும். தள்ளாமல் சும்மா உருண்டால் கீறல் இருக்காது, ஊசி குத்திய மாதிரி புள்ளிகள்தான் இருக்கும்.

இங்கே புள்ளிகள்தான் இருந்தன. முடிவுக் கோட்டிலிருந்து நூறடிக்குமேல் வந்தாயிற்று, இன்னும் புள்ளிகள்தான்.

எஞ்சின் நின்றுவிட்டதோ என்று முதலில் நினைத்தார். நின்றிருந்தால் அவள் எப்படித் திரும்பி ஓட்டிப் போனாள்? உள்ளே இருக்கும் பெல்ட் கருகியிருந்தால் கறுப்புத் தூள் சிந்தியிருக்கும். வெள்ளைப் பனியில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்ததும் அந்த இடம் வந்தது. முடிவுக் கோட்டுப் பக்கம் புள்ளிகள், இந்தப் பக்கம் அழுத்தமான கீறல்கள், நடுவில் ஒரு சாண் இடைவெளி. தடுமாற்றம் இல்லை, வளைவு இல்லை. மார்லிஸ் விசையிலிருந்து கட்டைவிரலை எடுத்திருக்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆரினுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதா இவளுக்கு? பிச்சையா போடுகிறாள்? பதினோரு வருடம் இவளையும் இந்த ஊரையும் வெறும் பிடிப்பால் ஜெயித்தவன் நான். முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கோபத்தில் ஐம்பதடி வலி தெரியாமல் போயிற்று. அதற்கப்புறம் கோபம் தீர்ந்துவிட்டது, வலிதான் மிச்சம்.

புறப்பட்ட இடத்தை நெருங்க நெருங்க தடம் அழகாகிக்கொண்டே வந்தது. ஒரு கீறல்மேல் இன்னொரு கீறல் விழவில்லை. ஒவ்வொரு ஆணியும் புது இடத்தில் குத்தியிருந்தது. வண்டியின் முன்பக்கத்துச் சறுக்குப் பலகைகள் ஒரு விரற்கடைகூடத் தரையை விட்டு எழும்பவில்லை. அவர் சொன்ன ஒரு சொல்லையும் அவள் வீணாக்கவில்லை. மற்ற யாராவது இப்படிப் புறப்பட்டிருந்தால் ஆரின் குனிந்து தொட்டுப் பார்த்திருப்பார். இப்போது குனிய முடியாது. குனிந்தால் எழுந்திருக்க முடியாது.

கூட்டம் கை தட்டியது. மார்லிஸ் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் எடுத்த?"

"என்னத்த?"

"கட்டைவிரல. நானூறு அடியில."

மார்லிஸ் மழுப்பப் பார்த்தாள். பிறகு முடியாது என்று விட்டுவிட்டாள். தடம் இருக்கும்போது இந்த மனிதரிடம் பொய் சொல்ல முடியுமா?

"கை குலுக்கறப்ப உன் கை நடுங்குச்சு ஆரின். முப்பத்தாறு வருஷமா அந்தக் கையப் பிடிக்கறேன். குளிர்ல நடுங்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. இத்தன நாளும் நீ வீம்பு பிடிக்கறேன்னு நெனச்சிட்டேன். பயந்துக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தோணவே இல்ல." அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். "ஒருத்தன் பயந்து நடுங்கறப்ப அவனப் பந்தயத்துல ஜெயிச்சு இழுத்துக்கிட்டுப் போறதா? ஓட்டிக்கிட்டே இருந்தேன். அந்த எடத்துக்கு மேல என்னால முடியல."

ஆரின் மறுக்கலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"தூங்க வெக்கறாங்களே, அதான். எழுந்திரிக்காமப் போயிட்டா?"

சொல்லிவிட்டார். ஏரி பிளக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் அவர் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிவிட்டு, அங்கேயே கையை வைத்துக்கொண்டாள்.

"அங்க என்ன குசுகுசு?" என்று டுவேன் கத்தினான். "நல்ல வார்த்தையச் சொல்லு, கொழம்பு ஆறுது! போன வருஷம் மாதிரி 'தலைக்கவசம் நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னே, ஒத்துக்க மாட்டோம்!"

ஆரின் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முட்டி ஆடியது, மார்லிஸின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஏரியில இவ்வளவு நல்ல புறப்பாட்ட நான் பாத்ததில்ல. நான் புறப்பட்டதையும் சேத்துத்தான் சொல்றேன்." கூட்டம் ஹோ என்று கத்தியது. அவர் கையைத் தூக்கி அடக்கினார். "இன்னும் முடியல. ஜெயிச்சது நான் இல்ல, மார்லிஸ். நம்பலேன்னா போய்த் தடத்தப் பாருங்க. நானூறு அடி வரைக்கும் அவதான் முன்னாடி. அதுக்கப்புறம் அவ ஓட்டவே இல்ல."

"ஏன்?" என்றான் டுவேன், வாயைப் பிளந்துகொண்டு.

"அது எங்க வீட்டு விஷயம். நீ போய்ச் சாப்பிடு."

தடத்தைப் பார்க்க நாலு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் குழம்புப் பானையைப் பார்க்க ஓடினார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் கோட்டின் மேல் நின்றார்கள்.

"நீ இப்படியெல்லாம் சொல்லணும்னு இல்ல," என்றாள் மார்லிஸ். "பந்தயத்துக்காக ஒண்ணும் நீ வர வேணாம். நாளைக்கே ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன்."

"எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

"ஆறரைக்கு."

"காலையிலயா?"

"காலையிலதான்."

ஆரின் மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டார்.

"நான் தூங்கற வரைக்கும் உள்ள இருக்க விடுவாங்களா உன்ன?"

"விடலேன்னா கேட்டு வாங்கறேன்."

"முழிக்கறப்ப?"

"முழிக்கறப்பவும்," என்றாள் மார்லிஸ்.

அவர் தலையாட்டினார். முன்னால் இருந்தது அவளுடைய வண்டிதான். அவள் ஏறி உட்கார்ந்ததும், வெட்கப்படாமல், குழம்புப் பானையைச் சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.