பித்தளை ஸ்க்ரூ இரண்டு

அசோகனின் கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் ஒப்புக்கொள்ளாது. துடைத்து வைப்பான், ஊதி வைப்பான், எச்சில் தொட்டு வைப்பான். சிவப்பு விளக்குதான் எரியும். இத்தனை வருஷமாகச் சுவர் பூசியதில் ரேகையெல்லாம் சிமெண்ட் தின்றுவிட்டது. பின்னாலிருந்து பெண்டாட்டி சந்திரம்மா கையை நீட்டி விரலை வைத்தால்தான் அரிசி வரும். அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. யார் விரலுக்கு வந்தால் என்ன, வேகிறது ஒரே குக்கரில்தானே. ஆனால் மகன் விட்டுப்போன பெட்டியும் அதே கையைத் தெரியாது என்றபோது அவனுக்குள் ஏதோ ஆட்டம் கண்டுவிட்டது.

மகன் நரேஷ் அடுகோடி மெயின் ரோட்டில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் இருந்தான். கடை வேலை போக வீட்டில் அவனுக்கு இன்னொரு வேலை. பிள்ளைகள் கையில் வைத்து ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே புது ஒயரும் சின்னச் சின்ன போர்டுகளும் பற்றவைத்து, பாட்டு போடுகிற கருவியாக மாற்றிக் கொடுப்பான். அதை வைத்துக்கொண்டு கோரமங்களா பக்கம் மேடையேறுகிறவர்கள் இருந்தார்கள். "வெளையாட்டுல பாட்டு, பாட்டுல வெளையாட்டு. உருப்பட்ட மாதிரிதான்" என்று அசோகன் சொல்லுவான். சொன்னாலும், மாடிப்படி ஏறும்போதே ஈயம் உருகுகிற வாசனை வந்தால், பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று அவன் கால் கொஞ்சம் சீக்கிரமாக ஏறும்.

நரேஷ் கடைசியாகச் செய்தது நிருபமா என்கிற பெண்ணின் பெட்டி. அவள் சின்ன வயதில் ஆடியது. சாம்பல் நிறம் பழுத்து மஞ்சளாகிப்போயிருந்தது. நாலு பென்சில் செல் போட்டால் ஓடும். அதன் இரண்டு பக்கத்திலும் துளை போட்டு, பக்கத்துக்கு ஒரு பித்தளை ஸ்க்ரூ இறக்கியிருந்தான்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். கடையில் கூட வேலை செய்கிற உமேஷும் வந்திருந்தான்.

"ஒரு கை இதுல வை, ஒரு கை அதுல வை. நடுவுல நீதாம்மா ஒயரு."

சந்திரம்மா பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு தொட்டாள். பெட்டி குக்கர் விசில் மாதிரி வீறிட்டது. அவள் கையை உதறினாள்.

"ஐயையோ, ஷாக்கு!"

"ஷாக் இல்லம்மா. உன் உடம்புல பூந்து வர்ற சத்தம் அது."

பிறகு ஒரு ஸ்க்ரூவில் அம்மா விரலும் மறு ஸ்க்ரூவில் தன் விரலும் இருக்க, மிச்சக் கைகளைக் கோத்துக்கொண்டான். விசில் ஒரு படி இறங்கி, தெருவில் விற்கிற பீப்பிச் சத்தம் ஆயிற்று. உமேஷை நடுவில் விட்டுக் கைகோத்தார்கள். இன்னொரு படி இறங்கி, வண்டு முரல்கிற மாதிரி ஆயிற்று.

"ஆள் சேரச் சேர கரண்டுக்கு வழி தூரம். கொரலு எறங்கும்" என்றான் நரேஷ்.

வேலைவிட்டு வந்து வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அசோகனையும் இழுத்து உட்கார வைத்தார்கள். அவன் இரண்டு கையையும் வைத்தான். விசிலும் இல்லை, பீப்பியும் இல்லை. குழாய் ஒழுகுகிற மாதிரி, டிக்... டிக்... டிக்...

"இது கை இல்ல அங்கிள், கல்லு கல்லு" என்றான் உமேஷ்.

"நைனா, உனக்கு ரப்பர் கைடா சாமி. கரண்டு கம்பியப் புடிச்சிக்கினு தூங்கலாம்" என்றான் நரேஷ். எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அசோகன்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழையில், ஓசூர் போய் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அத்திபெலே தாண்டி ஒரு லாரிக்கு அடியில் நரேஷ் போய்விட்டான்.

அவர்கள் பௌத்தம் ஏற்ற குடும்பம். ஆவி, பேய், திதி, தெவசம் எல்லாவற்றையும் அசோகனின் அப்பா காலத்திலேயே விட்டாயிற்று. சுவரில் புத்தர் படம், பாபாசாகேப் படம், இப்போது பக்கத்தில் நரேஷ் படம். அதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி. பேய் என்கிற பேச்சே அந்த வீட்டில் புழங்காது. அதனால் சாயங்காலங்களில் வர ஆரம்பித்ததற்கு அங்கே பேர் இல்லாமல் இருந்தது.

முதலில் சொன்னவள் சந்திரம்மா. பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக்கையோடு அந்தப் பெட்டி முன்னால் உட்காருவாள். இரண்டு பக்கமும் தொடுவாள். விசில் வரும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், அது பீப்பிக்கு இறங்கும்.

"வந்துட்டான்" என்பாள்.

"கை காஞ்சிருக்கும் சந்திரா."

"காஞ்சா வழுக்கிக்கினு எறங்கும்யா. இது ஒரே படியா எறங்குது. அவன் கையப் புடிச்சப்போ எறங்கிச்சே, அதே படி. உனக்குக் காது இல்லியா?"

காது இருந்தது. அவனுக்கும் கேட்டது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே, தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தானும் தொட்டுப் பார்த்தான். டிக்... டிக்... டிக். நனைத்துக்கொண்டு தொட்டான். அந்தத் தோலில் தண்ணீர் நிற்காமல் உருண்டு போயிற்று. டிக்... டிக்.

அவளுக்கு வருகிறான், எனக்கு வரவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

அப்போதுதான் நரேஷின் போன் அடித்தது. அதை இன்னும் சார்ஜில்தான் வைத்திருந்தாள் சந்திரம்மா. நிருபமா பேசினாள். வெளிநாட்டில் இருந்தாளாம், விஷயமே தெரியாதாம். போனிலேயே அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் போனை வைத்ததும் சந்திரம்மா அதைத்தான் பார்த்தாள்.

"காணலைன்னு சொல்லிடலாம்."

"அடுத்தவங்க சாமான் சந்திரா."

"நம்ம புள்ள அதுலதான வர்றான். அத எடுத்துக் குடுத்துட்டு சும்மா செவுத்தப் பாத்துக்கினு குந்தச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை, தன் கைக்கும் மகன் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அசோகனுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

கையை மெத்தென்று ஆக்க வேண்டும் என்று நினைத்தான். படுக்கப் போகுமுன் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி ஊற்றித் தேய்த்தான். காலையிலும் தேய்த்துக்கொண்டு பெட்டியைத் தொட்டான். இருந்த டிக்டிக்கும் நின்றுபோயிற்று. காதை ஒட்ட வைத்துக் கேட்டான், ஒன்றுமில்லை. அன்றைக்கு அவன் சோறு எடுத்துக்கொள்ளாமலே பீன்யா பஸ் ஏறினான்.

பீன்யாவில் ஒரு ஷெட்டுக்குப் பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அசோகன் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து தியோடர் மேஸ்திரி சாந்துச் சட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா டாக்டர் சார், யாருக்கு ஆபரேஷன்?"

கலவை போட்டுக்கொண்டிருந்த ஷோபா விடவில்லை. "மேஸ்திரி, அண்ணனுக்குப் பொண்ணு பாக்க வராங்களோ இன்னவோ. கையப் பாத்துட்டுதான் குடுப்பாங்களாம்."

"அப்போ மூஞ்சிக்கும் ஒண்ணு மாட்டிக்கடா."

உறையோடு கரணை பிடிபடவில்லை. வழுக்கியது. மத்தியானத்துக்குள் சுவர் அலையடித்தது. மேஸ்திரி மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இது செவுரா, கடலா? கழட்டுடா அந்தக் கருமத்த!"

அசோகன் கழற்றினான். உறைக்குள் வியர்த்து வெளுத்திருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "பையன் சாமான் ஒண்ணு வீட்ல கீது மேஸ்திரி" என்றான். "இந்தக் கைய அதுக்கு அடையாளம் தெரிய மாட்டேங்குது."

ஷோபாவின் மண்வெட்டி நின்றது. அலையடித்த இடத்தை மேஸ்திரியே சுரண்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நிருபமா வந்தாள். பேக்கரிப் பையைக் கீழே வைத்துவிட்டு, நரேஷ் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பெட்டி அரிசி டின்னுக்குள் இருந்தது. சந்திரம்மா காலையிலேயே அதைத் துணியில் சுற்றி உள்ளே இறக்கிவிட்டாள். அசோகனுக்கு அந்த டின்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தான், வேறு பக்கம் திரும்பினான், மறுபடி பார்த்தான்.

"ஆன்ட்டி, அவன் எனக்குக் கடைசியா ஒரு ஆடியோ அனுப்பினான்" என்றாள் நிருபமா. "நீங்க எல்லாரும் அந்த கேம வெச்சு டெஸ்ட் பண்ணது. நீங்க 'ஷாக்கு'ன்னு கத்தறது, சிரிக்கறது எல்லாம் இருக்கு. அப்புறம் ஒரு டிக் டிக் டிக். தாளம் மாதிரி. நீ பாட்டு போட்டா அதுலேர்ந்து ஆரம்பி, அது எங்க நைனா கை, மெஷினாலகூட அந்த மாதிரி நிதானமா அடிக்க முடியாதுன்னு சொன்னான்."

அசோகன் தன் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

சந்திரம்மா எழுந்து போனாள். அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. சுற்றியிருந்த துணியை உதறி, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, பெட்டியைக் கொண்டுவந்து நிருபமாவின் முன்னால் வைத்தாள்.

"ஒளிச்சு வெச்சிருந்தேன். தப்பா எடுத்துக்காத."

"வேண்டாம் ஆன்ட்டி, நீங்களே வெச்சுக்குங்க."

"இரு. மொதல்ல இவரு தொடட்டும்" என்றாள் சந்திரம்மா. புருஷன் எண்ணெய் தேய்த்ததும் உறை வாங்கியதும் தெரியாதவள் மாதிரி இருந்தாலும், எல்லாம் தெரிந்தவள்தான். "இவரு கைக்கு அது பேசவே மாட்டேங்குது. எண்ணெகூட தேச்சுப் பாத்தாரு."

"அய்யோ, எண்ணெ தேச்சா கரண்ட் போகவே போகாது அங்கிள்." நிருபமா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உள்ளங்கையே வேண்டாம். மணிக்கட்டுக்கு உள்பக்கம் வைங்க. அங்க தோல் மெல்லிசா இருக்கும்."

இத்தனை நாளில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. தொடுகிறது என்றால் விரல்தான் என்று இருந்தான். இடது கையைத் திருப்பி, பச்சை நரம்பு ஓடுகிற இடத்தை ஸ்க்ரூவில் அழுத்தினான். குளிர்ந்தது. மறு பக்கத்து ஸ்க்ரூவில் சந்திரம்மா விரலை வைத்தாள். இன்னொரு கையால் அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள்.

பெட்டி பேசியது.

பீப்பி. இரண்டு ஆள் சத்தம். அவளும் மகனும் சேர்ந்து பிடித்தபோது வந்தது. இப்போது அவளும் தானும். தன் உடம்பு வழியாக அது ஓடுகிறது என்பதை நம்ப முடியாமல் அசோகன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். நிருபமா எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஒரு படி இறங்கியது.

வழுக்கவில்லை. ஒரே படி. வண்டு முரல்கிற சத்தம். மூன்று ஆள் சத்தம்.

அசோகன் சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வலது கை யாரும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் கையை அசைக்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் தலைக்குக் கீழே கை மாட்டிக்கொண்டால் எப்படி வைத்திருப்பானோ அப்படி வைத்திருந்தான். வலது மணிக்கட்டில் லேசாக ஒரு சூடு. ஈயம் உருகுகிற வாசனை வந்ததா, வந்த மாதிரி இருந்ததா என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவனால் சொல்ல முடியவில்லை.

சந்திரம்மாவும் அப்போதுதான் கவனித்தாள். தன் கையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், நடுவில் பார்த்தாள். ரொம்ப மெதுவாகக் கையை இறக்கி, முன்பு பிடித்த இடத்திலேயே பிடித்தாள். சத்தம் பீப்பிக்கு ஏறியது.

நிருபமா கண்ணைத் திறந்தாள். "நடுவுல எறங்கிச்சே, எப்டி பண்ணீங்க?"

"செல் வீக்கும்மா" என்றான் அசோகன்.

பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, அதே துணியில் சுற்றி, நிருபமாவின் மடியில் வைத்தவள் சந்திரம்மாதான். நிருபமா வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"எடுத்துக்கினு போம்மா. உனக்குன்னு பண்ணான். அவன் பொட்டிக்குள்ள இல்ல. நாங்கதான் பொட்டியப் பாத்துக்கினு இருந்தோம்."

ஆட்டோ வரைக்கும் கூடப் போனார்கள். நிருபமா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும் வரை நின்றுவிட்டு, இரண்டு பேரும் சந்துக்குள் திரும்பி நடந்தார்கள். மழை வரும் போல இருந்தது. அசோகன் சாக்கடைப் பக்கம், சந்திரம்மா சுவர்ப் பக்கம். நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம்.

பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. ஓட்டியவன் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்குள் புகுந்து போகலாம் என்று முன்சக்கரத்தைத் திருப்பினான். அசோகன் சட்டென்று வலது கையை நீட்டி மறித்தான்.

"ஓரமா போப்பா."

"எங்க அண்ணா ஓரம்? நடுவுலதான் காலியா கீதே!"

"ஓரமா போ."

ஸ்கூட்டர்காரன் முணுமுணுத்துக்கொண்டே சாக்கடைக் கல்லின் மேல் ஏற்றி, ஆடி ஆடிக் கடந்து போனான். அவன் போனபிறகும் அசோகன் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. சந்திரம்மா நின்றாள். அவன் நடக்க ஆரம்பித்ததும் அவளும் நடந்தாள், அதே இடைவெளியில், கொஞ்சம் மெதுவாக.