சாம்பியின் மங்குத் தட்டு

இராயவரத்துக் குமரப்பன் செட்டியார் எதனையும் அளந்து செய்கிறவர். பர்மாவில் மௌல்மேன் நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் மரக்கிடங்கு நடத்தி, யுத்த காலத்தில் ஊர் திரும்பியவர். வயது ஐம்பத்தெட்டாகியும் அடிக்கோலைக் கைவிடவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு மற்றொரு பழக்கமும் உண்டு. மடியில் ஒரு கொம்புச் சிமிழில் மூக்குப்பொடி வைத்திருப்பார். எழுந்தவுடன் ஒரு சிட்டிகை, குளித்தபின் ஒன்று, பலகாரத்திற்குப் பின் ஒன்று என்று இரவு படுக்கப்போகும் வரையில் பதினாறு சிட்டிகை. பதினேழாவது கிடையாது; பதினைந்தோடு நின்றதும் கிடையாது.

மனைவியை இழந்தவர், பிள்ளையும் இல்லை. தம்பி ஆதப்பன் மலாயாவில் ஈப்போ நகரில் கடை வைத்திருந்தான். ஆகவே அந்தப் பெரிய வீட்டில் குடியிருந்தவர்கள் குமரப்பன், தம்பியின் மனைவி சேதுலட்சுமி, அவள் மகள் சிகப்பி ஆகிய மூவரே. நான்காவதாகச் சாம்பி என்னும் பூனையைச் சொல்ல வேண்டும். சாமான் அறையில் எலி என்ற பேச்சே எழாமல் ஐந்தாண்டுகள் காத்த பூனை அது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பரணிலிருந்து வெண்கலப் பானையொன்று சரிந்து விழுந்ததில் அதன் பின்கால் முறிந்தது. எலும்பு கூடிற்று, தாவும் வலிமை மட்டும் திரும்பவில்லை. மதிலேற இயலாத பூனையைத் தெருநாய்கள் விட்டு வைக்குமா? ஆதலின் அதனை வெளியே விடாமல், ஈப்போவிலிருந்து சாமான் வந்த பழைய தேயிலைப் பெட்டியொன்றைப் பாதியாக அறுத்து, ஆற்றுமணல் நிரப்பி, வீட்டின் உட்புறத்து இரண்டாங்கட்டில் மாடிப்படியின் கீழ் வைத்தார் குமரப்பன். சாம்பியும் அதன் பயனை ஒரே நாளில் அறிந்துகொண்டது.

சேதுலட்சுமி கணவனின் தமையனோடு நேர்முகமாகப் பேசுவதில்லை. அது அவ்வீட்டு வழக்கம். சொல்ல வேண்டியதனை வேலைக்காரி செவந்தியிடம் சொல்வாள். அவரும் மறுமொழியைச் செவந்தியிடமே சொல்வார். மூவரும் ஒரே தூணருகில் நிற்கும்போதும் அப்படித்தான். செவந்தி இல்லாத வேளையில் சேதுலட்சுமி பூனையைப் பார்த்துப் பேசுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில், கோனாபட்டிலிருந்து பொன்னம்மாள் ஆச்சி தம் மகனுக்காகச் சிகப்பியைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. கடிதம் வந்த திங்கட்கிழமை காலையிலேயே சேதுலட்சுமி மாடிப்படியின் எதிரே வந்து நின்றாள். குமரப்பன் எட்டடி தள்ளி நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"ஏ சாம்பி, ஒங்க ஐயாகிட்டச் சொல்லு. வெள்ளிக்கெழம நாலு பேரு வர்ற வீடு இது. இரண்டாங்கட்டுல கால் வச்சா மூக்கப் பொத்திக்கிட்டு நடக்க வேண்டியிருக்கு. வியாழக்கெழம பொழுது சாயிற வரைக்கும் பாப்பேன். அப்பவும் இந்த வாடை போகலைன்னா, ஐயனார வரச்சொல்லி, ஒன்னயச் சாக்குல கட்டித் திருமயம் சந்தையில விட்டுட்டு வரச் சொல்லிருவேன். அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

ஐயனார் என்பவன் செவந்தியின் கணவன், வண்டி ஓட்டுகிறவன். சேதுலட்சுமி சொன்னால் சொன்னபடி செய்வான். மூன்று காலால் நடக்கும் பூனை சந்தை நாய்களிடையே ஒரு நாழிகையும் உயிரோடிராது என்பதைக் குமரப்பன் அறிவார். பத்திரிகையை மடித்தார், ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார், பாத்திரங்களோடு வந்த செவந்தியைக் கூப்பிட்டார்.

"ஏத்தா செவந்தி, ஆச்சியிட்டச் சொல்லு. வாடைன்னு எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆனாலும் சொல்லிட்டாகள்ல? வியாழக்கெழமைக்குள்ள சரிபண்ணிக் குடுத்திருவேன். சாக்கெல்லாம் வேணாம்."

"வாடை தெரியலையா?" என்றாள் செவந்தி. "எங்க வண்டி மாடு இந்த வீட்டு நடைக்கு வந்தா மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிருது ஐயா. மாட்டுக்குத் தெரியிது."

"ஒங்க மாடு எதைக் கண்டுதான் திருப்பிக்கிறல? ஒன் புருசனப் பார்த்தும் திருப்பிக்கிது."

செவந்தி சிரித்துவிட்டாள். குமரப்பன் சிரிக்கவில்லை. மரக்கிடங்கில் நாற்பது ஆட்களை வைத்து வேலை வாங்கிய தமக்கு ஒரு மணற்பெட்டி பெரிய காரியமன்று என்று அவர் உறுதியாக எண்ணினார்.

விருந்தினர் வருகையை முன்னிட்டு அன்றே வீட்டிற்கு வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தார்கள். முற்றத்தில் ஒரு தொட்டி நிறைய நீற்றிய சுண்ணாம்பு இருந்தது. அவ்வூர் வீடுகளின் சுவர்கள் பளிங்குபோல் மின்னுவது சுண்ணாம்பினால். காலரா வந்த ஆண்டுகளில் தெருவெங்கும் தூவியதும் சுண்ணாம்பே. அதனினும் தூய்மையான பொருள் உண்டென்று சொன்னால் அவ்வூரில் எவரும் நம்பமாட்டார். குமரப்பன் மணலை மாற்றவில்லை. ஒரு படி மணலுக்கு ஒரு கரண்டியாக அளந்து மூன்று கரண்டிச் சுண்ணாம்பை எடுத்து, ஈர மணலின்மேல் ஒரே சீராகப் பரப்பினார். மண்வெட்டிக் காம்பினால் கிளறியும் விட்டார்.

அரை நாழிகை ஆகவில்லை. இரண்டாங்கட்டிலிருந்து சிகப்பி இருமிக்கொண்டு ஓடி வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செவந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

"என்ன ஐயா பண்ணுனீங்க? ஈயம் பூசுறவரு வீட்டுக்குள்ளயே அடுப்ப வச்சுட்டாரோன்னு நெனச்சேன். நவச்சாரத்த அள்ளிப் போட்டாப்புல நெடி!"

குமரப்பனின் கண்களிலும் நீர் வழிந்தது. எனினும் அவர் தளரவில்லை. "சுண்ணாம்பு வேலை செய்யிது. அப்படித்தான் இருக்கும்," என்றார்.

"வேலை செய்யிதுதான். நம்ம கண்ணுலல்ல செய்யிது."

சுவருக்கு அப்பாலிருந்து சேதுலட்சுமியின் குரல் கேட்டது. "சாம்பி, நேத்து வரைக்கும் மூக்கு மட்டுந்தான் எரிஞ்சுது. இன்னைக்குக் கண்ணும் எரியிது. ஒங்க ஐயா கைராசியே கைராசி."

அன்று பிற்பகல் முழுவதும் குமரப்பன் நாற்காலியை விட்டு எழாமல் யோசித்தார். செவந்தி சொன்ன நவச்சாரம் என்னும் சொல் அவர் மனத்தில் நின்றது. பூனையின் நீரில் அத்தகைய காரம் ஒன்று இருக்கிறது; சுண்ணாம்பு அதனைத் தணிப்பதற்குப் பதிலாகக் கிளப்பி விடுகிறது என்று அவருக்குப் புலப்பட்டது. அப்படியானால் அதற்கு மாறான பொருள் எது? செவந்தியைக் கேட்டார்.

"ஈயம் பூசி வந்த ஏனத்துல அந்த நெடி நின்னா நீ என்ன செய்வே?"

"புளியப் போட்டுத் தேய்ப்பேன். வேற என்ன செய்வாக?"

செவ்வாய்க்கிழமை விடியுமுன் அவர் காரியத்தைத் தொடங்கிவிட்டார். முதலில் தேயிலைப் பெட்டியைத் தூக்கிக் கொல்லையில் போட்டார். பலகை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதை மரக்காரராகிய தாமே ஓராண்டுக் காலம் மறந்திருந்ததை எண்ணித் தம்மையே நொந்துகொண்டார். அதற்குப் பதிலாகத் தாம் முகம் மழிக்க வைத்திருந்த அகன்ற மங்குத் தட்டை எடுத்தார். பீங்கான்போல் வழவழப்பான மங்கு பூசிய இரும்பு எதனையும் உறிஞ்சாது. அரிமளம் சாலையிலிருந்த மர அறுப்புக் கடையிலிருந்து ஒரு சாக்கு உலர்ந்த மரத்தூள் தருவித்தார். அடுப்புக்கரியை இடித்துத் தட்டின் அடியில் அரை அங்குலம் பரப்பி, அதன்மேல் இரண்டு அங்குலம் மரத்தூளை இட்டார். மாடிப்படியின் கீழ்க் காற்றே புகாதென்று கண்டு, பின்கட்டுச் சன்னலின் கீழ்த் தட்டை வைத்தார். பழைய பெட்டி இருந்த தரையை, பாத்திரம் துலக்கும் புளிச் சக்கையைக் கரைத்து, செவந்தியைக் கொண்டு மும்முறை தேய்க்கச் செய்தார். மலத்தை அவ்வப்போது கொட்டாங்கச்சி அகப்பையால் எடுத்து வாழையடியில் புதைப்பது, நனைந்த தூளைக் காலையும் மாலையும் மாற்றுவது, தட்டைப் புளித்தண்ணீரில் கழுவி வெயிலில் உலர்த்துவது ஆகிய இத்தனையும் தாமே செய்வதென்று ஏற்றுக்கொண்டார்.

"செட்டியாரு பூனைக்குத் தோட்டியா வந்துட்டாகளே!" என்றாள் செவந்தி.

"நீ செய்யிறியா?"

"ஐயையோ! நீங்களே நல்லாச் செய்யிறீங்க. இப்படி அளந்து அள்ள எனக்கு வராது."

புதன்கிழமை காலை இரண்டாங்கட்டில் மரத்தூளின் மணமே இருந்தது. செவந்தி மூன்று முறை மூச்சை இழுத்துப் பார்த்து, "நெசமாத்தேன். ஒண்ணுமில்ல," என்று ஒப்புக்கொண்டாள். அன்று நாள் முழுவதும் தட்டில் மரத்தூள் நனையவேயில்லை. அது தமது முறையின் சிறப்பென்றே குமரப்பன் கருதினார். வழக்கத்தைவிடப் பெரிய சிட்டிகை போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை நண்பகலில் சேதுலட்சுமி தூணருகே வந்தாள்.

"சாம்பி, வாடை திரும்ப வந்திருச்சு. முந்தியவிட மோசம். ஐயனாருக்கு ஆள் விட்டாச்சு. பொழுது சாய வருவான்."

குமரப்பன் எழுந்து விரைந்து சென்று தட்டைப் பார்த்தார். தூள் வைத்தபடியே உலர்ந்திருந்தது. மாடிப்படியின் கீழ்ப் பார்த்தார், தரை துடைத்தாற்போலிருந்தது. சாமான் அறை, விறகுக் கூடம், கொல்லை என எல்லா இடங்களிலும் குனிந்து பார்த்தார். எங்கும் அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை.

"செவந்தி, ஆச்சியிட்டச் சொல்லு. வாடையே இல்லை. நான் எல்லா எடத்துலயும் பாத்துட்டேன்."

செவந்தி வாயைத் திறக்குமுன் சேதுலட்சுமி தூணை விட்டு வெளியே வந்தாள். முக்காடு தோளில் சரிந்திருந்தது. இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அவள் அவரை நேரே நோக்கினாள்.

"நீங்க பாத்தீக. மோந்து பாத்தீகளா? என் பின்னாடி வாங்க."

அவள் உள்முற்றத்து வளவைக் கடந்து நேரே அவருடைய அறைக்குள் சென்றாள்; கட்டிலின் கீழ்க் குனிந்து ஒரு பிரம்புக் கூடையை வெளியே இழுத்தாள். பழைய பத்திரிகைகள் வைத்த கூடை அது. பத்திரிகைகள் நனைந்து கறுத்திருந்தன. செவந்தி வாயிற்படியிலேயே நின்றுவிட்டாள். சுண்ணாம்பில் கால் எரிந்த நாள்முதல், அப்பூனை பழைய இடத்தையும் புதிய தட்டையும் ஒருசேர அஞ்சி, தனக்கு நம்பிக்கையான மனிதரின் கட்டிலடியைத் தேர்ந்துகொண்டது. மூன்று இரவுகள் அதன்மேல் படுத்து நிம்மதியாக உறங்கியிருக்கிறார் குமரப்பன்.

அவர் கூடையருகே குனிந்து மூச்சை இழுத்தார். மீண்டும் இழுத்தார். பொடியின் காரத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

"ஒங்க மேல தப்பில்ல," என்றாள் சேதுலட்சுமி. குரல் தணிந்திருந்தது. "நீங்க செஞ்ச முறையெல்லாம் சரிதான். அந்தத் தட்டக் கண்டு நானே அசந்துட்டேன். ஆனா ஒரு மாசமா இந்த வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கோம், நீங்க இல்லை இல்லைங்கிறீக. எப்படித் தெரியும்? ஒங்க மூக்கு மொகத்துலயா இருக்கு? அந்தச் சிமிழுக்குள்ள இருக்கு. இத முன்னாடியே சொல்லியிருக்கணும். நேருல பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன். பூனையிட்ட எப்படிச் சொல்லி விடுறது?"

குமரப்பன் நிமிர்ந்தார். கூடையைத் தாமே தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனார், பத்திரிகைகளை எரித்தார். கட்டிலடித் தரையைப் புளித்தண்ணீர் விட்டுத் தாமே மும்முறை தேய்த்தார். மங்குத் தட்டைக் கொணர்ந்து, கூடை இருந்த இடத்திற்கு நேரே, ஆனால் சன்னலின் அருகில் வைத்தார். பூனை தன் வாடையைக் கண்டு இடத்தை அறிந்துகொள்ளட்டும் என்று, எரிக்காமல் விட்ட ஒரு துண்டுப் பத்திரிகையை மரத்தூளின்மேல் இட்டார். சாம்பி சற்று நேரம் வாசலில் நின்று பார்த்தது. பின் நொண்டி நொண்டி வந்து, முன்கால்களை மெல்லத் தட்டினுள் வைத்து, தூளைக் கிளறியது.

வெயில் சாய்ந்தது. ஐயனாரின் வண்டி வந்து நிற்கும் ஒலி வாயிலில் கேட்டது. சேதுலட்சுமி அறைவாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். முகத்தில் கடுமை இல்லை. ஆனால் ஐயம் தீரவில்லை.

"இப்ப இல்லதான். நாளைக்குக் காலையிலயும் இருக்காது. ஆனா அடுத்த வாரம்? கல்யாணம் கூடிட்டா நாங்க ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கிட்டிருப்போம். இது வேற எங்கயாச்சும் மூலையத் தேடிப் போச்சுன்னா மொதல்ல யாரு கண்டுபிடிப்பாக?"

"நான்," என்றார் குமரப்பன்.

"எந்த மூக்கால?" என்று கேட்டாள் செவந்தி.

அவர் மடியிலிருந்து கொம்புச் சிமிழை எடுத்தார். அன்றைய கணக்கில் இன்னும் நான்கு சிட்டிகை மீதியிருந்தது. சிமிழைத் திறந்து, எரிந்து ஆறிய பத்திரிகைச் சாம்பலின்மேல் கவிழ்க்கக் கொல்லைப்பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது வெறுஞ்சிமிழைச் செவந்தியின் கையில் கொடுத்தார். பிறகு, செவந்தியிடம் சொல்லி விடாமல், சேதுலட்சுமியையே பார்த்துச் சொன்னார்:

"ஐயனார வீட்டுக்குப் போகச் சொல்லும்மா. பூனை இங்கயே இருக்கட்டும். நான் இனிமேப் பொடி போடுறதில்லை."