மஞ்சளுக்குக் கீழே அரிசி

வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டி கஞ்சிக்கோடு வந்து சேர்ந்த லாரியில், தொழிற்சாலை கேன்டீனுக்கென்று ஒரே ஒரு பொட்டலம்தான் இருந்தது. மஞ்சள்.

கேன்டீன் பொறுப்பாளர் ரத்தினசாமி அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நாளன்னிக்கு ஆயுத பூஜை. அத்தனை பேருக்கும் சாப்பாடுன்னு சொல்லிட்டனுங்க. மஞ்சத் தண்ணியக் கரைச்சு ஊத்தட்டுங்களா?"

சாமான் பட்டியலை டெலிபிரிண்டரில் அடித்து அனுப்பியவள் பாகீரதிதான். அவள் வேலை இன்னும் தற்காலிகம்தான்.

மானேஜர் சாம்பசிவன் அதைத்தான் நினைவூட்டினார். "கோயமுத்தூர் ஆபீஸ் கம்ப்யூட்டர் சீட்டு குடுக்காம குடோன்ல பிடி அரிசி தரமாட்டா. நாளைக்கும் வரலைன்னா, பூஜை லீவு முடிஞ்சு நீ வர வேண்டாம்."

"எல்லாம் அடிச்சேனே சார்! மஞ்சளை மட்டும் ஏன் படிச்சுது?"

பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது.

நகலை எடுத்து விரித்தாள். வரிக்கு ஒரு சாமான். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அப்படித்தான் கம்ப்யூட்டருக்கு அடிக்கவேண்டும். மங்களமாக இருக்கட்டும் என்று மஞ்சளை முதல் வரியில், ஓரத்தை ஒட்டித் தனியாக நிறுத்தியிருந்தாள். மற்றவை இரண்டு இடம் உள்ளே தள்ளி அழகாக நின்றன.

உள்ளே தள்ளியதுதான் காரணமோ?

சோதனைக்கு மூன்றே வரி அனுப்பினாள். உப்பும் புளியும் ஓரத்தில். மிளகாய் மட்டும் உள்ளே. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் தடதடத்துக் கோயமுத்தூர்ப் பதிலை அடித்தது. ஒன்று, உப்பு. இரண்டு, புளி. புளியின் பாகம், மிளகாய்.

பாகீரதி ரத்தினசாமியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அண்ணா, இது மெஷின் சாமான் பட்டியலுக்குப் பழகின கம்ப்யூட்டர். பம்புக்குக் கீழே வாஷரைத் தள்ளி அடிச்சா, அது பம்போட சேர்ந்ததுன்னு அர்த்தம். பம்பைக் குடுத்தாப் போதும், வாஷர் அதுக்குள்ளயே இருக்கும்."

"அப்ப நம்ம அரிசி பருப்பெல்லாம் மஞ்சளோட ஊட்டுக்குள்ள குடியிருக்குதுங்களா?" என்றார் ரத்தினசாமி. "எதுக்கு வம்பு? அரிசிய மொதல்ல போட்டுருங்க."

"மஞ்சள் முதல்லயே இருக்கட்டும். ஆனா எல்லாரும் ஒரே ஓரத்துல நிக்கட்டும்."

அப்படியே அடித்து அனுப்பினாள்.

மறுநாள் மதியம் லாரியிலிருந்து அரிசி மூட்டைகள் தொப்தொப்பென்று இறங்கின. ரத்தினசாமி மறுநாள் சமையலுக்கு அடுப்புகளைத் தயார் பண்ண ஓடினார். சாம்பசிவன் டெலிபிரிண்டர் அறைக்கு வந்தபோது பாகீரதி நகலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சார், உள்ளே தள்ளினதுக்கும் உள்ளே இன்னொண்ணைத் தள்ளினா அது என்ன பண்ணும்?"

சாம்பசிவன் குனிந்து நகலைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சு வந்து அடிச்சுப் பாரு."