நேராக்கிய வண்டி

பொன்னுதுரை முன்சக்கரத்தை இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை வலப்பக்கமாக முறுக்கினான். அசையவில்லை. ஸ்பேனரால் போல்ட்டை இன்னொரு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி முறுக்கினான். பின்பக்கம் முகம் கழுவ வந்த பூங்காவனம் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் புருஷன் ஏகாம்பரத்தைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி அவனுடையது.

"என்னடா பண்றே?"

"கத்தாதக்கா. பழையபடி கோணலாக்குறேன். போலீஸ் மாத்தா இப்ப வந்து வண்டியப் பாப்பானாம். ஞாயித்துக்கிழமை நாந்தான் இத நேராக்கினேன்னு தெரிஞ்சா உள்ள தள்ளிருவான்."



சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் அது. வாங்கும்போதே முன்பக்கம் கோணல். நேராகப் போக வேண்டுமானால் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தே பத்து வருஷமாக, விடியுமுன் காஜா பெராங்கிலிருந்து கிளம்பி, புக்கிட் ரம்பாய் தோட்டங்கள்வரை பத்திரிகை போட்டுவந்தான் ஏகாம்பரம். ஒருநாளும் விழுந்ததில்லை.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற அன்று மாலை பூங்காவனத்தைப் பின்னால் உட்காரவைத்துப் பட்டணத்துக்கு விளக்கு பார்க்க அழைத்துப் போனான். திடலில் அத்தனை பேர் எதிரில் ஓரகத்தி சாரதாம்பாள் கையைத் தட்டிச் சிரித்தாள். "கொழுந்தனாரு வண்டி பக்கவாட்டுலல்ல போவுது! ஏ பூங்காவனம், நண்டு மேல ஏறியா சுதந்திரம் பாக்க வந்தே?"

வீடு திரும்பியதும் பூங்காவனம் அழுதாள். "இத நிமித்துங்க. இல்ல, என்னைய இதுல ஏத்தாதீங்க."

"என் கைக்குப் பழகிருச்சி. நீயும் பழகிக்க" என்றான் அவன்.

அதிலிருந்து எட்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், அவன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியை வரவழைத்தாள். பொன்னுதுரை போல்ட்டுகளைக் கழற்றி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கைத் தட்டி நிமிர்த்தி, பின்டயரின் இரு பக்கத்திலிருந்தும் நூல் பிடித்துப் பார்த்தான். நூல் முன்டயரை ஒட்டிப் போயிற்று. கிளம்பும்போது சொன்னான்: "அத்தான்கிட்ட மறக்காம சொல்லிருக்கா. பழைய கை, தன்னால வலப்பக்கம் இழுக்கும். ரெண்டு நாளைக்கு மெதுவா ஓட்டட்டும்."

சொன்னால் முதலில் பேசியவள் அவளாகிவிடுவாள். அவனே பார்த்துக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

நேற்று விடியற்காலை அவன் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியைத் தள்ளினான். வாசல் தாண்டுவதற்குள் நின்றான். ஹேண்டிலைத் தடவிப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

புக்கிட் ரம்பாய் வளைவில் வண்டி வலப்பக்கமாகத் தார்ச்சடக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. அவன் தலை கால்வாய்க் கல்லில் மோதியது. வண்டி லாலாங் புல்லில் போய்ச் சாய்ந்து கிடந்தது. விளக்குக் கண்ணாடி உடைந்ததோடு சரி.

"ஆச்சு" என்றான் பொன்னுதுரை. போல்ட்டை இறுக்கி, ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தான். வண்டி பழையபடி நின்றது. அவன் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

வந்த மலாய் போலீஸ்காரர் நல்ல மனிதர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எப்படி விழுந்தார் என்று கேட்டார். ஏகாம்பரத்தின் அண்ணன் கணேசமூர்த்தி கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார். "மாபோக், துவான்."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"விடிகாலையிலயா ஊத்திக்கிட்டாரு?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"பின்ன? பத்து வருசமா ஓட்டுன சடக்கு. கள்ளு உள்ள போவாம எப்படிய்யா விழுவான்? தைப்பூசத்தோட விட்டுட்டேன்னான். விட்ட லட்சணம் பாத்தீங்கல்ல?"

பொன்னுதுரை வேட்டியில் கையைத் துடைத்தபடி தலையாட்டினான். "விடமுடியுமா அத?"

பூங்காவனத்தின் தோளை யாரோ தொட்டார்கள். மகள் ஜெயா. பத்து வயது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, அப்பா குடிச்சாராம்மா?"

"யாரு சொன்னா?"

"பெரியப்பா. குடிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சில்ல சத்தியம் பண்ணாரு? குடிச்சாராம்மா?"

நேற்றுக் காலை காப்பி வாசத்தைத் தவிர அவன் வாயில் ஒன்றும் இல்லை. பூங்காவனம் நிமிர்ந்தாள். வாசலில் போலீஸ்காரர் இன்னும் போகவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரரைத் தாண்டி சாரதாம்பாள் கால் நீட்டி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"எனக்குத் தெரியலடி" என்றாள் பூங்காவனம்.

"அப்ப, சத்தியத்த மீறினா..." என்று ஆரம்பித்து ஜெயா நிறுத்திக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போடும்போது ஒரு கையை மட்டும் எடுத்தாள். பாடை லாரியில் ஏறியபோது இரண்டும் தலைமேல் இருந்தன. "தலையில கை வச்சிக்கிட்டு நிக்குது பாரு. அப்பன் மேல அவ்வளவு உசுரு" என்று பெண்கள் விசும்பினார்கள்.

லாரி போனபின் குழாயடியில் தலைமுழுக்கு. ஒவ்வொருத்தியாக ஊற்றிக்கொண்டு விலகினார்கள். கடைசியில் ஜெயா வந்து கல்லில் உட்கார்ந்தாள்.

"கைய எடும்மா. தண்ணி தலையில படணும்" என்றாள் சாரதாம்பாள். "ஏ பூங்காவனம், நீ சொல்லேன்."

பூங்காவனம் வாளியைத் தூக்கி மகளின் தலைமேல் சாய்த்தாள். கோத்திருந்த அந்தச் சின்ன விரல்களின் மேல் தண்ணீர் விழுந்து, இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது.